உள்தாழ்ப்பாள்

எங்கள் அப்பாவுக்குத் தெரியாத ரோடு இந்த வட்டாரத்தில் கிடையாது. கம்பெனி பஸ் ஓட்டியவர். எந்த ஷிப்டுக்கு எந்த ஊரில் கூட்டம் ஏறும், எந்த ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் நேரே ரூமுக்குப் போவார்கள், எங்கே நின்று டீ குடிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால் அத்தைக்குக் கடை வைத்துக் கொடுப்பது என்று முடிவானதும், ஊரையும் கட்டடத்தையும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை யாரையும் கேட்காமல் தானே எடுத்துக்கொண்டார். அத்தையையும் கேட்கவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. செங்கல்பட்டில் மாமாவோடு குடித்தனம் நடத்தியவள், ஒருநாள் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோ மாறி ஆட்டோ ஏறி, பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். அப்போது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். ஏன் வந்தாள் என்று என் எதிரில் யாரும் பேசவில்லை. மாமா அதிர்ந்து பேசாத மனிதர். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பார். அவரிடம் குறை சொல்ல யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே குறை அத்தையிடம்தான் இருக்கவேண்டும் என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். கடைசியில் வீட்டில் ஒரு தீர்ப்பானது. கடை நிலைத்துவிட்டால் அத்தை இங்கேயே இருக்கலாம், நிலைக்காவிட்டால் செங்கல்பட்டுக்குத் திரும்பிப் போகவேண்டும். வளையல், கிளிப், நைட்டி விற்கிற ஃபேன்சி ஸ்டோர், கூடவே சுடிதாரை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுக்கிற வேலை. கம்பெனி வேலைக்காக ஹாஸ்டலில் தங்கியிருந்த தெற்கத்திப் பெண்களை நம்பி ஆரம்பிக்கிற கடை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிவிடுவோம். பைக்கில் அப்பா, நடுவில் நான், பின்னால் அத்தை. வழியெல்லாம் அப்பா பாடம் நடத்துவார். ஒரகடத்தில் கம்பெனி கேட்டுக்கு எதிரிலேயே புதுக் கடைகள் வரிசையாகக் காலியாக இருந்தன. விவரம் தெரியாதவன் பார்த்தால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடுவான். அப்பா வண்டியைக்கூட நிறுத்தவில்லை. "எல்லாம் பஸ்ல உள்ள போவும், பஸ்ல வெளிய வரும். ஒருத்தன் கால் தரையில படாது. இங்க கடை போட்டா ஈ ஓட்டிகினு உக்காரலாம்" என்றார். எனக்கு அப்பாவை நினைத்து ஒரே பெருமையாக இருந்தது.

சிங்கப்பெருமாள் கோவிலில் ஸ்டேஷனிலிருந்து வரும் கூட்டம் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற இடத்திலேயே ஒரு கடை கிடைத்தது. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. அத்தை பைக்கை விட்டு இறங்கவே இல்லை. செங்கல்பட்டு ரயில் வந்து நின்று கிளம்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஊரு வேணாண்ணா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு ரயில் சத்தம் ஆகாது என்றாள். வியாபாரம் செய்ய வந்தவளுக்குச் சத்தம் ஆகாதாம்! அப்பா விருட்டென்று வண்டியைத் திருப்பினார்.

அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு இடம்தான். எங்கள் ஊரிலேயே, உள்தெருவில், ஒரு காலத்தில் பால் சொசைட்டி நடந்த பழைய கட்டடம். கனத்த மரக்கதவு. உள்பக்கம் குறுக்கே போடுகிற இரும்புப் பட்டை. பின்னால் குழாயும் கக்கூசும், அதைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போகிற ஒரு சின்னக் கதவும் இருந்தன. அத்தை என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பட்டையைப் போட்டாள். "தள்ளிப் பாரு" என்று குரல் வந்தது. தள்ளினேன். "இன்னும் பலமா." தோளைக் கொடுத்து முட்டினேன். "முடியல அத்தை!" என்றேன். உள்ளே அவள் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான். கதவைத் திறந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது.

அப்பா தெருவை மேலும் கீழும் பார்த்தார். நாலு எருமை, ஒரு மூடிக் கிடந்த ரேஷன் கடை. "இங்க யாரு வந்து வளையல் வாங்குவா? இதுங்களா?" என்று எருமைகளைக் காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தைக்கு வியாபாரம் தெரியாது என்று எனக்கே புரிந்துபோனது.

கடைசியில் அமைந்தது சுங்குவார்சத்திரம். பஸ் ஸ்டாப்பை ஒட்டிப் புதுக் கட்டடம், தரையெல்லாம் பளபள டைல்ஸ், மூன்று பக்கம் சுவர், முன்னால் ஷட்டர். எதிரில் டீக்கடை, பக்கத்தில் லாட்ஜ், பின்தெருவில் பெண்கள் ஹாஸ்டல். ஹைவேயில் போகிற ஒவ்வொருவர் கண்ணிலும் கடை பட்டே தீரும் என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தை குனிந்து ஷட்டரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பூட்டுப் போடும் வளையம் வெளியே மட்டும்தான் இருந்தது. "உள்ள தாப்பா கெடையாதா?" என்று கேட்டாள். ஓனருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள பூட்டிகினு யாருக்குமா விப்ப?" என்றார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அத்தை விடவில்லை, ஒன்று வைத்துக் கொடுத்தால் தேவலை என்றாள். புதுக் கட்டடத்தில் ஓட்டை போட விடமாட்டேன் என்றார் ஓனர். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா அட்வான்ஸைக் கொடுத்துவிட்டார்.

அப்பாவின் கணக்கு துளியும் தப்பவில்லை. ஷிப்டு முடிந்து பஸ் வந்து நின்றால் கடையில் நிற்க இடமிருக்காது. "யக்கா, இந்த டாப்ஸ கொஞ்சம் பிடிச்சுத் தாங்கக்கா" என்று மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் அத்தையைச் சுற்றிக்கொள்வார்கள். அத்தைக்கு முகத்தில் சதை பிடித்தது. செங்கல்பட்டுப் பேச்சே வீட்டில் நின்றுபோனது. அம்மாகூட அவளை நாத்தனார் என்று வாய் நிறையச் சொல்ல ஆரம்பித்தாள். உள்தாழ்ப்பாளைப் பற்றி அத்தை அவ்வப்போது ஞாபகப்படுத்துவாள். வெல்டரைக் கூட்டிவருகிறேன் என்று அப்பாவும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கண்ணில் படும் கடை மாமாவின் கண்ணிலும் பட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் கடையில் பாசி கோத்துக்கொண்டிருந்தேன். அத்தை எதிர்ப்பக்கம் பார்த்தவள் தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டாள். மாமா டீக்கடையில் கிளாசை வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் வண்டி பார்த்து, நிதானமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். அத்தை தாவி ஷட்டரை இழுத்து இறக்கினாள். ஒரே இருட்டு. அவள் அதன் அடிச்சட்டத்தின் மேல் ஏறி நின்று அழுத்திக்கொண்டாள்.

மாமா தூக்கிப் பார்க்கவே இல்லை. வளையத்தில் சாவியோடு தொங்கிக்கொண்டிருந்த பூட்டை எடுத்து, வெளியிலிருந்து பூட்டினார். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் ஷட்டருக்குப் பக்கத்தில் குனிந்து, "நான் இன்னா பண்ணேன்? வூட்டுக்கு வரேன்னு சொல்லு, தொறக்கறேன்" என்றார், வழக்கமான மெல்லிய குரலில்.

அத்தை அப்பாவுக்கு போன் போட்டாள். வண்டி ஓட்டும்போது அப்பா போனை எடுக்கமாட்டார், கம்பெனி சட்டம். அம்மாவுக்குப் போட்டாள். அம்மாவின் குரல் எனக்கே கேட்டது. "பேசத்தான வந்துகீறாரு? நடுரோட்டுல மானத்த வாங்காத, தெறந்து பேசு."

"பூட்டு வெளிய கீது அண்ணி."

"அப்போ அவரையே தெறக்கச் சொல்லு" என்று அம்மா வைத்துவிட்டாள்.

அத்தை ஷட்டரைத் தட்டினாள், கத்தினாள். வெளியே ஒரு பெண் குரல், அக்காவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டது. பூட்டு மாட்டிக்கொண்டது, ஆள் சொல்லிவிட்டிருக்கிறேன், நாளைக்கு வாம்மா என்று மாமா மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. உள்ளே தகரம் வெந்தது. எனக்கு ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கடையில் பின்கதவும் இல்லை, கக்கூசும் இல்லை. நான் அழ ஆரம்பித்தேன். அத்தை போனின் வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஷட்டரிடம் திரும்பி, "வரேன்" என்றாள்.

"சத்தமா சொல்லு."

சொன்னாள். ஷட்டர் ஏறியது. எனக்கு மாமாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டீக்கடையின் பின்பக்கம் கூட்டிப்போனார், திரும்பி வந்ததும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். அத்தை துணிகளை மடித்து வைத்து, லைட்டை அணைத்து, கடையைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தாள். அப்பா வரும்வரை டீக்கடையிலேயே உட்கார் என்றாள். மாமாவின் பைக்கில் ஏறிப் போகும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் ஸ்ட்ராவைக் கடித்தபடி கை காட்டினேன்.

அப்பா செங்கல்பட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நன்றாகத்தான் இருக்கிறாள், காபி போட்டுக் கொடுத்தாள் என்றார். அதற்கடுத்து நாங்கள் எல்லோரும் போனபோது அத்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். மாடிப்படியில் வழுக்கிவிட்டாள் என்று மாமா சொன்னார். அப்போதும் அவர் அதிர்ந்து பேசவில்லை. யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கடையைக் காலி செய்யப் போனபோது அப்பா என்னையும் கூட்டிப்போனார். போகிற வழியில் ஒரு வெல்டரை அழைத்துக்கொண்டார். காலி பண்ணுகிற கடைக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று ஓனர் சத்தம் போட்டார். அப்பா ஷட்டர் ஓடுகிற சட்டத்தில் உள்பக்கமாகக் கட்டைவிரல் தடிமனில் ஒரு தாழ்ப்பாளைப் பற்றவைக்கச் சொன்னார். வெல்டர் போனதும் என்னை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய் ஷட்டரை இறக்கினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"தூக்கிப் பாரு" என்றார்.

எனக்குக் குஷியாகிவிட்டது. பால் சொசைட்டியில் ஆடிய அதே விளையாட்டு. இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினேன். இம்மியும் அசையவில்லை.

"முடியலப்பா! சூப்பரா கீது!" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அத்தை மாதிரி அப்பாவும் சிரிக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.