செல்விக்குக் கிடைத்த பதினேழாம் நம்பர் சீட்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "வேலையப் பாருய்யா" என்று எழுந்து போகிற ஆள் நான். ரிஷிவந்தியத்தில் உரக்கடை. விடிந்தால் மூட்டையும் பில்லும்தான், இதையெல்லாம் கேட்க நேரம் ஏது? நீங்கள் சிரித்தாலும் சிரியுங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

போன பொங்கல் லீவு முடிகிற சனிக்கிழமை, பெங்களூரிலிருந்து என் மகள் கவிதா போன் செய்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. "அப்பா, ரத்தமா போய்க்கினு இருக்கு, நாளைக்கு ஆப்பரேஷன்னு சொல்றாங்க. பயமா இருக்கு, வந்துடுப்பா." மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, அங்கே அவளுக்கு வேறு நாதி இல்லை. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை, முகூர்த்த நாள் என்று கார்களும் காலியில்லை, எனக்கோ இடுப்பு ஆப்பரேஷன் முடிந்து ஆறு மாதம்தான். சின்னசேலத்தில் ஏறுகிற மறுநாள் பகல் ரயிலை விட்டால் வழியில்லை.

போனில் டிக்கெட் போடுகிற தனியார் ஆப் ஒன்று இருந்தது. என் மனைவி செல்வியின் நம்பரில் தொடங்கியது. அவள் செத்து இரண்டு வருஷமாகியும் அந்த நம்பருக்கு ரீசார்ஜ் செய்துகொண்டுதான் இருக்கிறேன், கேஸ் சிலிண்டருக்கும் பேங்குக்கும் ஓடிபி அதில்தானே வருகிறது. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டைக் காட்டி, 'கட்டாயம் கிடைத்துவிடும்' என்று பச்சை எழுத்தில் போட்டான் பாவி. நம்பி அமுக்கினேன். பணம் போன பிறகு பார்த்தால் பயணிகள் இரண்டு பேர். எப்போதும் சேர்ந்தே போனவர்கள் என்று செல்வியின் பெயரையும் அதுவே டிக் செய்திருக்கிறது! அவளை மட்டும் நீக்க முடியாது, நீக்கினால் மொத்தமும் கேன்சலாம். கஸ்டமர் கேரில் மெஷின்தான் பேசுகிறது, என் பொண்ணு சாகக் கிடக்கிறாள் என்று அதனிடம் கத்தி என்ன பிரயோஜனம்?

ஞாயிறு காலை சார்ட் வந்தது. செல்விக்குப் பதினேழாம் நம்பர் கீழ் சீட். எனக்கு வெயிட்டிங் இரண்டு. செத்தவளுக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை.

வருவது வரட்டும் என்று ஏறி, கதவோரம் நின்றேன். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. ஆத்தூர் தாண்டி டிடிஆர் வந்தார். இறக்கிவிட்டால் கவிதா கதி என்ன? "சார், வூட்டம்மா..." என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் சிரித்தார். "இன்னாங்க, வூட்டம்மாகூட சண்டையா? அவங்க அங்க ஒக்காந்துகினு இருக்காங்க, நீங்க இங்க நிக்கிறீங்க. இப்பதான் ஆதார் காட்டினாங்க. ஒரே டிக்கெட்டுதானே, போய்க் கூட ஒக்காருங்க."

போனேன். பதினேழு காலி. எதிர் சீட்டு அம்மாள் என்னைப் பார்த்ததும் பையை நகர்த்தினார். "நீங்கதானா? இடுப்பு ஆப்பரேஷன் பண்ணவரு வருவாரு, யாரையும் ஒக்கார வுடாதீங்கன்னு சொல்லிட்டு எழுந்து போனாங்க."

செல்வி உயிரோடு இருந்தபோது எனக்கு இடுப்பில் வலிகூட இல்லை.

சேலத்தில் வருவாள், தருமபுரியில் வருவாள் என்று வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. ஒரு வாரம் கழித்துத் திரும்பும்போது, பழையபடி ஆகிவிடக்கூடாது என்று செல்வி பேரில் இருந்த டிக்கை நானே எடுத்துவிட்டு, எனக்கு மட்டும் டிக்கெட் போட்டேன். வந்ததும் பீரோவைத் திறந்தேன். அவள் ஆதார் கார்டு வைத்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் ஆப்பில் பயணிகள் பட்டியலில் இப்போது அவள் பெயர் இல்லை. சத்தியமாக நான் அழிக்கவில்லை. போகும்போது இரண்டு பேருக்கு டிக்கெட் இருந்தது, வரும்போது நான் ஒருத்தனுக்குத்தான் போட்டேன். அவளை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேனோ?

அடுத்த வாரம் மறுபடி பெங்களூர் போகிறேன். திரும்பி வர இரண்டு பேருக்குப் போடலாம் என்று நேற்று அவள் பெயரை அடித்தேன். வயது கேட்டது. என்ன போடுவதென்று தெரியாமல் போனை மூடி வைத்துவிட்டேன்.