எல்லாரும் போனப்புறம் இருந்தவள்

இன்னைக்குத்தான் மறுபடியும் நேரடி வகுப்பு. ஒன்றரை வருஷமா நான் ஆன்லைன்ல பாடம் நடத்தின பிள்ளைகள்ல பாதிப் பேர் வந்திருந்தாங்க. பெஞ்சுக்கு ஒருத்தர், எல்லாரும் மாஸ்க்கோட. ஒரு முகமும் எனக்குத் தெரியல.

மதியம் ஆசிரியர்கள் சேர்ந்து சாப்பிடக்கூடாதுன்னு உத்தரவு. டிபன் பாக்ஸோட மைதானத்து மரத்தடிக்குப் போனேன். அங்கே தள்ளி ஒரு பொண்ணு தனியா சாப்பிட்டுக்கிட்டிருந்தா.

"மேடம், நான் பட்டினச்சேரி ரேவதி."

கேமராவே போடாத ரேவதி! "ஏம்மா, ஒருநாளாவது முகத்தைக் காட்டியிருக்கலாம்ல?"

"கேமரா போட்டா நெட் நின்னுடும் மேடம். ஆனா கிளாஸ் முடிஞ்சும் நான் போகமாட்டேன். எல்லாரும் போனப்புறம் நீங்க மட்டும் ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டு சும்மா உட்கார்ந்திருப்பீங்க. விட்டுட்டுப் போக மனசு வராது."

தலத்தெரு வீட்டுல நான் தனியா இருக்கேன். அந்த நேரத்துல ஒருத்தி என்கூட இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. டிபன் பாக்ஸை மூடி வச்சேன்.

"நாளைக்கும் வருவியாம்மா?"

"நாளைக்கு சனிக்கிழமை, அடுத்த பேட்ச் மேடம். எங்களுக்கு இனி அடுத்த வாரம்தான்."

நாளைக்கு மதியம் ஒரு மணிக்கு, நான் மரத்தடியில தனியா சாப்பிடறப்போ, இதைப் படிக்கிறவங்க யாராவது போன் பண்ணுங்க. அப்பளம் கொண்டுபோறேன், நொறுக்குற சத்தத்தைப் பொறுத்துக்கணும்.