மட்கார்டில் இருந்த பள்ளம்

என் தம்பி முத்துராஜ் சோலூரில் எங்கள் வீட்டு ஷெட்டிலேயே பழைய கார்களுக்கு டிங்கரிங் செய்கிறான். போன மாதம் ஒரு பழைய பியட் வந்தது. நசுங்கிய மட்கார்டை எறிந்துவிட்டு பைபரில் புதிது மாட்டலாம், ஒடுங்கிய கதவையும் மாற்றிவிடலாம் என்றார் அதன் சொந்தக்காரர் விஜயபாஸ்கர்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க, பழசையே நிமித்தித் தர்றனுங்க" என்று தம்பி கேட்டுக்கொண்டான்.

தகட்டின் மேடு பள்ளத்தை அவன் கண்ணை நம்பிப் பார்ப்பதில்லை. உள்ளங்கையால் தடவித்தான் கண்டுபிடிப்பான். சனிக்கிழமை மூடுபனியில் அப்படித் தடவிப் பார்த்து, பெயின்டுக்கு முந்தைய பூச்சான பிரைமரும் அடித்துவிட்டான். அது காய்ந்த பிறகு டீ கொண்டுபோன நான் சும்மா தொட்டுப் பார்த்தேன். முன்விளக்குக்கு மேலே லேசாகக் குழிந்திருந்தது.

"இங்க பள்ளம் இருக்குது பாரு."

"நீ தோசைக்கல்லையே குறை சொல்ற ஆளாச்சேக்கா" என்று சிரித்தான். டீ டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்துவிட்டு, விரல்கள் சூடேறியதும் மறுபடி தடவினான். சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் தடவியபோது குளிரில் கை மரத்துப்போயிருந்தது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. பிரைமரைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டத் தொடங்கினான்.

ஞாயிறன்று விஜயபாஸ்கர் மட்கார்டை வெயிலில் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார்.

"பைபர் வேண்டாமுங்க. இதையே மாட்டிருங்க."

"அப்ப கதவையும் மாத்தாதீங்க" என்றான் தம்பி. "அதையும் நானே பாக்கறனுங்க."