கறுத்த கண்ணாடி வான்

பதுளையிலிருந்து பசறை வீதியால் போய்வந்த அந்த வெள்ளை வானைக் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். சம்பள நாட்களில் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் புடவைக்கட்டு ஏற்றிப் போகிற புவாத்தின் வான். பக்கக் கண்ணாடிகளிலும் பின்கண்ணாடியிலும் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். முன்கண்ணாடியிலும் மேல் பாதிக்கு அந்தத் தாள் இறங்கியிருக்கும். புவாத்துக்குச் சீனி வியாதியால் கண் பழுதாகிவிட்டதும் ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். பண்டாரவளையிலிருந்து யாரோ ஒரு சாரதி வந்து ஓட்டுகிறான் என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். ஓட்டியது அவர் மனைவி ஜெனீரா.

ஜெனீரா பண்டாரவளையில் பேக்கரி வைத்திருந்தவரின் மகள். கல்யாணமான புதிதில் புவாத்திடம் ஒரு பழைய மொரிஸ் கார் இருந்தது. பூனாகலைத் தோட்டத்துக்கு வியாபாரத்துக்குப் போகும்போது அவளையும் கூட்டிப்போவார். ஒருநாள் ஆளில்லாத விளையாட்டுத் திடலில் காரை நிறுத்தி, சும்மா பிடித்துப் பார் என்று அவளை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்தார். விளையாட்டாகத் தொடங்கியது அது. அவளுக்கு அது கைவந்துவிட்டது. லைசன் எடுக்கவும் அவர்தான் தூண்டினார். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் பரீட்சைக்குப் போய்வந்தாள். அதன்பிறகு வருஷக்கணக்காக அந்த லைசனுக்கு வேலையே இருக்கவில்லை.

புவாத்தின் கண் மெல்ல மெல்லப் போனது. முதலில் பொழுதுசாயும் நேரத்தில் படி தெரியவில்லை. பிறகு பச்சைச் சீத்தைத் துணிக்கும் நீலச் சீத்தைத் துணிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காரை விற்றார்கள். வியாபாரம் நின்றது. பெண்பிள்ளைகள் மூன்று பேர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் புவாத்தின் மூத்த சகோதரர் ஜாபிர் குவைத்திலிருந்து வந்து சேர்ந்தார். வந்ததும் தன் பெயரில் ஒரு வான் வாங்கினார். தம்பி குடும்பம் இருந்த வீடும் அவர் பெயரில்தான் இருந்தது. நல்ல மனிதர். தம்பியின் நிலைமையைக் கண்டு கலங்கிப்போய், வானை வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஜெனீரா ஓட்டுவாள் என்று புவாத் சொன்னபோது மட்டும் உடனே சம்மதிக்கவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் அவர் இருந்தார். அவருக்கும் கல்யாணத்துக்கு நிற்கிற மகள்மார் இருந்தார்கள். தம்பி மனைவியை டிரைவர் வேலைக்கு விட்டிருக்கிறான் என்ற பேச்சு வந்தால் தாங்க ஏலாது என்றார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்புத் தாளைச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஒரு குமிழிகூட இல்லாமல் கண்ணாடிகளில் தானே தேய்த்து ஒட்டினார். யாருக்கும் தெரியாமல் ஓட்டுவதென்றால் ஓட்டட்டும் என்றார்.

அப்படித்தான் ஜெனீரா ஓட்டினாள். முற்றத்துக்குள்ளேயே ஏறிக்கொள்வாள். புவாத் சுவரைத் தடவிப்போய் கேட்டைத் திறந்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவார். டவுன் தாண்டும்வரை என்ன வெயிலென்றாலும் கண்ணாடி இறக்குவதில்லை. தெரிந்தவர்கள் கைகாட்டி நிறுத்தினால் புவாத் தன் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கிப் பேசுவார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். ஒருநாள் நல்ல மழை. பள்ளிக்கூடம் விட்டு நடுமகள் நபீலா புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி நனைந்துகொண்டு வருவதை ஜெனீரா கண்டாள். கூடவே வேறு பிள்ளைகளும் வந்தார்கள். நிறுத்தினால் கதவைத் திறக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை. நபீலாவும் வானைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

பசறை தாண்டி மேலே ஏறிவிட்டால் நிலைமை வேறு. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் ஜெனீரா இறங்கி நின்று, பாவாடைத் துணியும் ரவிக்கைத் துணியும் அளந்து கொடுப்பாள். அங்கிருந்த பெண்களுக்கு அவள் ஓட்டுவது தெரியும். அவர்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் மலையில் பனிமூட்டமாய்ப் புகார் இறங்கினால், வெயிலுக்கும் ஊருக்கும் ஒட்டிய தாள் அவளுடைய கண்ணையே மறைத்தது. தலையை வெளியே நீட்டி, வீதியோரத்து வெள்ளைக் கல்லைத் தேடித் தேடி ஓட்டுவாள்.

"எனக்குத்தான் கண் தெரியாது. ஒனக்கும் தெரியாமத்தான் ஓட்டச் செல்லியிருக்காரு நானா," என்று ஒருமுறை புவாத் தன் அண்ணனைக் குறித்துச் சொன்னார். சிரிப்பாகச் சொல்ல நினைத்துத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் மாறிவிட்டது.

எண்பத்து நாலாம் வருஷம் டவுன் எல்லையில் பொலிஸ் தடை போட்டார்கள். நாடு இருந்த நிலைமையில் எல்லா வாகனத்தையும் நிறுத்திச் சோதித்தார்கள். ஒரு காலைநேரம் சார்ஜன் ஹேரத் என்பவர் வானை மறித்து, சாரதிப் பக்கத்துக் கண்ணாடியில் விரலால் தட்டினார். ஜெனீரா முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள். அவர் ஒரு கணம் பின்வாங்கினார். பிறகு லைசனைக் கேட்டு வாங்கி, படத்தையும் முகத்தையும் பார்த்தார். புடவைக்கட்டுகளை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பெண் ஓட்டுவதில் குற்றமில்லை, இந்தத் தாள்தான் குற்றம் என்று சிங்களத்தில் சொன்னார். வாகனத்துக்குள் இருப்பவர்கள் வெளியே தெரிய வேண்டும் என்பது உத்தரவு. கழற்றிவிட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து காட்டும்படி தவணை கொடுத்தார்.

செய்தியைக் கேட்ட ஜாபிர் சத்தம் போடவில்லை.

"தாள எடுத்தா நீங்க ஓட்ட ஏலா தங்கச்சி," என்றார். "ரெண்டுல ஒண்டுதான்."

புவாத் ஸ்டேஷனுக்குப் போய் மன்றாடிப் பார்த்தார். ஜெனீராதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். எங்கள் பெண்கள் ஆட்கள் பார்க்க ஓட்டுவது வழக்கமில்லை என்று அவர் விளக்கினார். சார்ஜன் அவருக்கு வாங்குப் பலகை போட்டு உட்காரவைத்துக் கேட்டார். முக்காடு போடட்டும், முகத்தை மூடட்டும், அது தனக்குத் தேவையில்லாத விஷயம் என்றார். ஒரு வானை விட்டால் நாளைக்கு மறிக்கிற எல்லோரும் ஒரு காரணத்தோடு வருவார்கள் என்றும் சொன்னார். அடுத்தமுறை வான் ஸ்டேஷனில்தான் நிற்கும் என்று எச்சரித்து அனுப்பினார்.

சம்பள நாள் வந்தது. போகாமல் இருக்க முடியாது. பிரதான வீதியை விட்டு, தோட்டங்களுக்கு ஊடாகச் சுற்றிப்போகிற மண்பாதை ஒன்று இருந்தது. லொறி போகிற பாதை. பொலிஸ் தடை அதில் இல்லை. ஜெனீரா அந்த வழியால் திருப்பினாள். ஒருபக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பாதி தூரம் போவதற்குள் மழையும் புகாரும் சேர்ந்து இறங்கின. கறுப்புத் தாளுக்குள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. முன்கண்ணாடியின் கீழ்ப்பாதியால் பார்க்க, குனிந்து குனிந்து ஓட்டினாள். புவாத் பக்கத்தில் இருந்து என்ன தெரிகிறது, என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு வளைவில் இடதுபக்கம் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பள்ளத்துப் பக்கப் பாதையோரமாக வரிசையில் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். வானின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த பின்பார்வைக் கண்ணாடியின் தண்டு ஒருத்தியின் கூடையில் கொளுவி அவளை இழுத்து விழுத்திவிட்டது. ஜெனீரா இறங்கி ஓடினாள். விழுந்து கிடந்தவள் பெரியாயி. வழக்கமாகத் துணி வாங்குகிறவள். கொழுந்தெல்லாம் சேற்றில் கொட்டிக்கிடந்தது. ஒரு கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது.

"நாங்க இத்தன பேரு நின்னோமே, தெரியலயாம்மா?" என்று கேட்டாள் பெரியாயி. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்.

"தெரியல்ல," என்றாள் ஜெனீரா.

அவளை வானில் ஏற்றித் தோட்டத்து மருந்துச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு வெடித்திருந்தது. பொலிசுக்குப் போக வேண்டாம் என்று பெரியாயியே தடுத்துவிட்டாள். கை ஆறும்வரை கொழுந்தெடுக்க முடியாது என்பதை மட்டும் சொல்லிச் சொல்லி அழுதாள். பெரியாயியின் வீட்டுக்கு வேண்டிய சாமானை ஜெனீரா தொடர்ந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி காதில் கேட்டது. இன்னும் இரண்டடி இடதுபக்கம் எடுத்திருந்தால் வரிசையில் நின்ற எல்லோரும் பள்ளத்தில் போயிருப்பார்கள்.

விபத்து நடந்த மறுநாள் காலையில் முற்றத்தில் வானை நிறுத்தி, சுடுதண்ணீரும் சவர பிளேடும் எடுத்துக்கொண்டு தாளை உரிக்கத் தொடங்கினாள். அது லேசில் வரவில்லை. கிழிந்து கிழிந்து, பிசினோடு நகத்துக்குள் ஏறியது. பிள்ளைகளும் வந்து சுரண்டினார்கள். மத்தியானத்துக்குள் எல்லாக் கண்ணாடியும் வெளித்துவிட்டது. அப்படியே ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போனாள். கடைத்தெரு வழியாகத்தான் போக வேண்டும். தராசைப் பிடித்தபடி ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜெனீரா அவர்கள் பக்கம் திரும்பாமல் ஓட்டினாள். வீதி இவ்வளவு அகலமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சார்ஜன் வானைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, நல்லது என்றார். பொலிஸ் பக்கத்து வேலை அதோடு முடிந்தது.

அவள் திரும்பி வந்தபோது ஜாபிர் முற்றத்தில் நின்றார்.

"சாவியத் தாங்க தங்கச்சி."

"மச்சான், தோட்டத்துல ஒரு பொம்புளட கைய ஒடச்சிட்டு வந்தீக்கிறன். அந்தத் தாளோட இனி என்னால ஏலா."

"அதுதான் செல்றன். நீங்க ஓட்டவே வேணாம். றவூப் ஓட்டட்டும்."

புவாத் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பார் என்று ஜெனீரா காத்திருந்தாள். அண்ணனின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அவருக்குப் பேச வரவில்லை. அவள் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பிசின் ஒட்டிய கையைக் கழுவினாள்.

ஜாபிரின் மனைவி வழியில் சொந்தக்காரனான றவூப் நன்றாகவே ஓட்டினான். ஆனால் புவாத்துக்குத் துணியின் நிறம் தெரியாது. றவூப்புக்குத் துணியைப்பற்றி ஒன்றுமே தெரியாது. லயத்துப் பெண்கள் அவனிடம் பாவாடைத் துணி கேட்கக் கூச்சப்பட்டார்கள். அம்மா எங்கே என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கொஞ்சக் காலத்தில் புவாத் போவதை நிறுத்திக்கொண்டார். ஜாபிர் வானை வாடகைக்கு விட்டார், பிறகு விற்றுவிட்டார். வீட்டுக்குள் புவாத் வானொலியைக் கேட்டுக்கொண்டு இருந்தார். ஜெனீரா சமைத்தாள், துவைத்தாள். கேட்டுக்கு வெளியே வாகனச் சத்தம் கேட்டால், எந்த கியரில் ஏறுகிறது என்று மனம் தானாகச் சொல்லும்.

வீட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவளே ஒரு முடிவெடுத்தாள். மிஞ்சிக் கிடந்த புடவைகளைக் கட்டாகக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு நமுனுகுல பஸ்ஸுக்குப் போனாள். யார் என்ன சொல்வார்களோ என்று பயந்துதான் போனாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. பொட்டணத்தோடு பஸ் ஏறுகிற பெண்ணைப் பார்த்து ஊர் பழகியிருந்தது. ஆண்களுக்கு நடுவே நெருக்குப்பட்டு, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, கடைத்தெருவின் நடுவாலேயே போனாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு வரும்போதெல்லாம் அவளுடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது.

அப்படியே வருஷங்கள் போயின. மூத்த மகளின் கல்யாணத்தை ஜாபிர்தான் முன்னின்று நடத்திவைத்தார். லைசனுக்கு என்ன ஆனதென்று நபீலா ஒருமுறை கேட்டாள். எங்கேயோ கிடக்கும் என்றாள் ஜெனீரா.

ஒரு சம்பள நாள் காலை, பஸ் நிலையத்தில் ஜாபிர் அவளைக் கண்டார். கட்டு பெரியது. தூக்க முடியாமல் அவள் படியில் தடுமாறிக்கொண்டிருந்தாள். அவர் ஓடிவந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டைத் தூக்கி உள்ளே வைத்தார். ஒரு பையனை எழுப்பி அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்.

"பாத்துப் போங்க தங்கச்சி," என்றார். "வழியெல்லாம் வழுக்கும்."

சரி மச்சான் என்றாள் அவள். அவருடைய முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. அதனால்தான், இந்த வழியை அவள் ஓட்டக்கூடாதென்று சாவியை வாங்கியவர் அவர்தான் என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. பஸ் புறப்பட்டது.