குங்குமம் வைத்த கற்கள்

தப்பு என்னுடையதும்தான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

சிவகாசியில் அச்சாபீஸ் நடத்துகிற குடும்பத்தில் வாக்கப்பட்டவள் நான். விருதுநகரில் கல்லூரி வேலை. ஆமத்தூர் வழியாகத் தினமும் பஸ். மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. ஆதிகாலத்தில் கடற்கரை எங்கே இருந்தது, எப்படி இருந்தது என்று கல்லையும் சிப்பியையும் வைத்துக் கண்டுபிடிக்கிற படிப்பு. "எம் பொண்டாட்டி கல்லு பொறுக்கப் போயிட்டா" என்பார் என் வீட்டுக்காரர், வருகிறவர்களிடமெல்லாம். அவர்களும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் புதுக் கிணறு வெட்டினார்கள். ஒரு வாரம் கயிறு கட்டி அதற்குள் இறங்கி, கல்லாய் இறுகிப்போன கட்டிகளை அடுக்கு வாரியாகப் பெயர்த்து எடுத்தேன். உடைந்த சிப்பியும் பருமணலும் இருந்தால் அது அலை அடித்த கரை. கறுப்புச் சேற்றில் முழு நத்தைக்கூடு கிடந்தால் அது அமைதியான காயல். சேறும் மணலும் அந்தக் கிணற்றில் மாறி மாறி வந்தன. எது கீழே, எது மேலே என்று தெரிந்தால்தான் கடல் உள்ளே வந்ததா, பின்வாங்கியதா என்று சொல்ல முடியும். அதனால் ஒவ்வொரு கட்டியிலும் வெள்ளைப் பெயிண்டில் பொட்டு வைத்து, அதன்மேல் எண்ணும், மேல்பக்கத்தைக் காட்ட ஓர் அம்புக்குறியும் போட்டேன். எந்த எண் எவ்வளவு ஆழம் என்பது நோட்டில். கட்டிகளைக் கழிவுக் காலண்டர்த் தாளில் சுற்றி மாடி அறையில் அடுக்கினேன். இப்படி ஒரு கிணறு தேடி அலைந்ததையும் சேர்த்து, ஐந்து வருஷ உழைப்பு அந்த அறையில் இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூசையில் மெஷின், கட்டிங் கத்தி, மை டப்பா, பழைய சைக்கிள் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். "ஏன், என் தொழிலுக்கு மட்டும் பொட்டு வைக்க மாட்டீகளோ?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் பூசைக்கு முந்தின இரண்டு நாள் வேலையாக மதுரைக்குப் போயிருந்தேன். பூசையன்று காலையில் திரும்பினால், வாசலிலேயே கையைப் பிடித்து அச்சாபீசுக்குள் கூட்டிப்போனார். முகமெல்லாம் சிரிப்பு.

"இங்கன பாரு."

மெஷினுக்கு முன்னால் என் கற்கள். பெரிசு, சிறிசு என்று வரிசையாக, பளபளவென்று, ஒவ்வொன்றிலும் சந்தனம் குங்குமம்.

"மெஷின் கழுவுற மாதிரியே நம்ம ஆளுக மண்ணெண்ணெய் ஊத்தித் துடைச்சாக. சிப்பிக்குள்ள எம்புட்டு சேறு! பிரஷ் போட்டுத் தேச்சுத்தான் போச்சு. ஏதோ வெள்ளையா கிறுக்கி வேற இருந்துச்சு, அதையும் எடுத்தாச்சு."

"ஐயோ, அந்தக் கிறுக்கல்தான் எல்லாமே" என்றேன். "எது மேல, எது கீழன்னு இனி எவனுக்குங்க தெரியும்?"

"கல்லு இருக்குல்ல? வேணும்னா மறுபடியும் பொறுக்கிக்கிடலாம்."

கிணற்றுக்கு எப்போதோ சுற்றுச்சுவர் கட்டிப் பூசியாகிவிட்டது. ஆட்கள் எல்லார் முன்னாலும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. சூடத் தட்டோடு நின்றவர் மெதுவாக, "நீதான கேட்ட?" என்றார்.

நான்தான் கேட்டேன். ஆனால் அந்த அம்பு எதற்கு என்று ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. கேலி பேசுகிறவரிடம் என்ன சொல்வது என்ற வீம்பு எனக்கு. அவரும் ஒரு நாளும் கேட்டதில்லை. நோட்டில் எண்கள் பத்திரமாக இருந்தன, கற்களில் இல்லை. ஆராய்ச்சி அதோடு நின்றது.

இப்போதும் வருஷா வருஷம் அந்தக் கற்களைப் பூசைக்கு எடுத்து வைக்கிறார். "எம் பொண்டாட்டி கண்டுபிடிச்ச கடலு" என்று வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுகிறார். போன தடவை ஒரு கல்லைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் பயந்து பயந்து கேட்டார்.

"இதுல எந்தப் பக்கம் மேல வரணும்?"

"எப்படி வச்சாலும் ஒண்ணுதான்" என்றேன்.