வேலி போடாத காணி

எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு வேலி என்றால் உயிர். வீட்டில் உலை கொதிக்காவிட்டாலும் பொறுப்பார்கள். பக்கத்துக் காணிக்காரன் வேலிக் கதியாலை அரை அடி தள்ளி நட்டால் கத்தி எடுப்பார்கள். அந்தச் சனத்தைத்தான் அரசாங்கம் கனகராயன்குளத்துக்குக் கிழக்கே காடு வெட்டிக் குடியேற்றியது.

அந்தக் குடியேற்றக் கொலனியில் வேலி போடாமல் இருந்த ஒரே ஆள் என் அத்தான் இளையதம்பி. மலாயாவில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். சண்டை வந்ததும் வெள்ளைக்காரனின் தொண்டர் படையில் சேர்ந்தார். சிங்கப்பூர் விழுந்தபோது யப்பான்காரனிடம் பிடிபட்டு, சண்டை முடியும்வரை சிறைமுகாமில் கிடந்து, எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். கொலனிச் சனம் அவருக்கு வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? ‘யப்பான்’. அடைத்து வைத்தவனின் பெயரையே அடைபட்டவனுக்குச் சூட்டிய புத்திசாலிகள்! இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

வேலி ஏன் போடவில்லை என்று என் அக்கா சிவனேஸ்வரி கேட்காத நாள் இல்லை. “வேண்டாம்” என்பார் அத்தான். அதற்குமேல் ஒரு சொல் வராது. மாடு வந்து மிளகாய்க் கன்றைத் தின்றால் அக்கா மாட்டையும் திட்டுவாள், அவரையும் திட்டுவாள்.

அறுபத்தோராம் ஆண்டு காணிகளை மேற்பார்க்கும் அரசாங்கக் கந்தோர் ஓவசியர் வந்து கண்டிப்பாகச் சொன்னார். “திங்கட்கிழமை வருவன். வேலி இல்லாட்டி காணிப் பெர்மிற் கான்சல்.” முள்ளுக்கம்பிச் சுருளையும் இறக்கிவிட்டுப் போனார். அத்தான் அதைத் தொடவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வெளியே போயிருந்த நேரம், அடுத்த காணி அப்புத்துரை ஆட்களைக் கூட்டி வந்து, கட்டை நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துவிட்டார். உதவி என்றுதான் சொன்னார். அக்கா சந்தோஷத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

பின்னேரம் சைக்கிளில் வந்த அத்தான் ஒழுங்கையிலேயே நின்றுவிட்டார். புது வேலியின் வாசல் படலை திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவர் உள்ளே கால் வைக்கவில்லை.

“யப்பானுக்கு வீட்டுக்குப் போக வழி தெரியேல்லையோ?” என்று வேலி கட்ட வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். அவன் கன்னத்தில் அறையாமல் விட்டது என் பிழை.

அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். “இஞ்சருங்கோ, உள்ளுக்கு வாங்கோவன். சோறு ஆறுது.”

“வரமாட்டன், சிவனேசு. முகாமில எங்களை அடைக்கிற கம்பியை எங்களைக் கொண்டே கட்டுவிச்சவங்கள். நானும் கட்டினனான். அதுக்குள்ள கிடந்துதான் என்ர கூட்டாளிமார் செத்தவங்கள்.”

இத்தனை வருஷத்தில் அவர் வாய்திறந்து சொன்னது அன்றைக்குத்தான். அக்கா அவர் கையை விட்டாள். குசினிக்குப் பின்னால் போய்க் கோடாலியை எடுத்து வந்து வேலிக் கட்டையில் போட்டாள். முதல் கட்டை சாய்ந்ததும் அப்புத்துரை குறுக்கே வந்தார்.

“பிள்ளை, விசரே உனக்கு? நாளைக்குக் காணி போயிடும்!”

“போகட்டும் அண்ணை. காணி உள்ளுக்கையும் மனுசன் வெளியிலையும் எண்டால், எனக்கென்னத்துக்குக் காணி?”

நானும் ஒரு கோடாலியோடு சேர்ந்தேன். பொழுதுபடுமுன் முன்பக்க வேலி முழுவதும் தரையில் கிடந்தது. அத்தான் அதைத் தாண்டி உள்ளே வந்து, கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஓவசியர் சொன்ன சொல் தவறவில்லை. பெர்மிற் போனது. அக்காவும் அத்தானும் இப்போது புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு துண்டுக் காட்டை வெட்டிக் குடியிருக்கிறார்கள். கொலனிக் காணி அப்புத்துரையின் மருமகனுக்குக் கிடைத்தது. கம்பிக்குள் கிடந்தவனுக்கு இந்த நாட்டில் காணி இல்லை. கம்பி இழுத்தவனுக்குத்தான் உண்டு.