அடுத்த குளிருக்கு வாங்கிய விறகு

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று விசாரித்த எல்லோருக்கும் நன்றி. ‘உடல்நலமின்மை காரணமாக’ என்று பத்திரிகையில் ஒரு வரி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாசகி போன் செய்தார். சர்க்கரையா, பிரஷரா என்று கேட்டார்.

“விறகு” என்றேன்.

“ஐயோ, மேல விழுந்துடுச்சா?”

இல்லை. எப்படிச் சொல்வது... முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். சில இடங்கள் எனக்கே இன்னும் தெளிவாக இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமரன் மலையில் குளிர்காலம் என்று சொன்னால் கோலாலம்பூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். இங்கே வந்து ஸ்ட்ராபெரி பறித்து, தேயிலைத் தோட்டத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு, சாயந்திரமே மலை இறங்கிவிடுகிறவர்களுக்கு அது புரியாது. கம்போங் ராஜாவுக்கு மேலே, மேட்டில் இருக்கிற எங்கள் வீட்டில் டிசம்பர் மழையைக் கழித்துப் பார்த்தால் தெரியும். துவைத்த துணி காயாது. தலையணை ஈரமாக இருக்கும். என் கணவரின் முழங்கால் வானிலை அறிக்கை வாசிக்கும்.

என் கணவர் மாணிக்கம் தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். போன வருஷம் ஒரு பழைய எண்ணெய் டிரம்மை வெட்டி, கதவு வைத்து, கால் வைத்து, ஹாலில் ஒரு கணப்பு அடுப்பு செய்தார். புகை போக ஒரு தகரக் குழாய். பின்சுவரில் ஓட்டை போட்டு அதை வெளியே நீட்டிவிட்டார். நன்றாகவே வேலை செய்தது. போன குளிர் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் பூனை மாதிரி அதன் பக்கத்திலேயே கிடந்தோம்.

இந்தக் குளிருக்கான விறகு பின்பக்கக் கொட்டகையில் தயாராக இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

டிசம்பர் ஆரம்பத்தில் முனியாண்டி வந்தார். என் கணவரோடு தோட்டத்தில் வேலை பார்த்தவர். இப்போது சொந்தமாக ஒரு லோரி வைத்திருக்கிறார். தோட்டத்தில் ஒரு மலைச்சரிவு முழுக்கக் கிழட்டுத் தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடுகிறார்களாம். பிடுங்கிய தூர்களை அள்ளிக்கொண்டு போக ஆள் இல்லையாம்.

“ரொம்ப மலிவு லா, அண்ணே. தேயிலைக் கட்டை, நின்னு எரியும். அடுத்த வருஷக் குளிருக்கும் சேர்த்து இப்பவே போட்டுக்குங்க.”

மலிவு என்ற சொல்லுக்கு ஒரு சக்தி உண்டு. தேவையா என்ற கேள்வியை அது கேட்கவே விடாது. கொட்டகையில் இடம் இல்லையே என்று நானும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை. லோரி வந்து கொட்டிய பிறகுதான் நினைத்தோம்!

வேறு வழியில்லாமல் அவரும் முனியாண்டியும் வீட்டின் பின்சுவரை ஒட்டி அடுக்கினார்கள். கூரைத் தாழ்வாரம் வரைக்கும். தூர் என்பது செங்கல் மாதிரி ஒழுங்காக உட்காராது. கை, கால், விரல் எல்லாம் நீட்டிக்கொண்டிருக்கும். புகைக்குழாயின் வாய்க்கு நேராக மட்டும் ஒரு இடைவெளி விட்டார் என் கணவர். மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். அடுத்த வருஷத்துக்கும் விறகு ரெடி. எவ்வளவு பெரிய நிம்மதி!

அதற்குப் பிறகுதான் அவருக்கு மறதி வந்தது.

முதலில் சின்னச் சின்னதாக. தேத்தண்ணி குடித்துக் கிளாஸைக் கீழே வைப்பார். அடுத்த நிமிஷம், “இன்னிக்குத் தேத்தண்ணியே கிடையாதா?” என்பார். சர்க்கரை டின் குளிர்பெட்டிக்குள் இருந்தது. கழுவிய சட்டையை மறுபடி வாளியில் போட்டு ஊற வைத்திருந்தார். கேட்டால் கோபம். முப்பது வருஷத்தில் என்னிடம் குரலை உயர்த்தாத மனிதர், ஒரு கரண்டிக்காகக் கத்தினார்.

தலைவலி என்று வேறு சொன்னார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். எனக்கும் தலைவலிதான். அவரை நினைத்து நினைத்து வருகிற தலைவலி என்று நினைத்தேன்.

குழப்பம் எங்கே தெரியுமா? வெளியே போனால் அவருக்கு ஒன்றுமே இல்லை! கம்போங் ராஜா கடைத்தெருவில் கோஸுக்குப் பேரம் பேசுகிறார். பழைய கங்காணியின் மகன் எதிரே வந்தால் நிறுத்தி, பேரப்பிள்ளை பெயரைச் சொல்லி விசாரிக்கிறார். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மறுபடி அதே மறதி, எதையோ வெறிக்கிற பார்வை.

நடிக்கிறாரா? என்னோடு பேசப் பிடிக்கவில்லையா? அல்லது வெளியில் சமாளித்துவிட்டு, வீட்டில் சமாளிக்க முடியாமல் போகிறாரா? இன்டர்நெட்டில் தேடினேன். முதியோர் மறதி நோய் பற்றி வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றும் பொருந்தியது. சமையலறையில் நின்று, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இவர் நாளைக்கு என்னையும் மறந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கார் சாவியை எடுத்து ஒளித்து வைத்தேன். மலைப்பாதை... நடுவழியில் எங்கே போகிறோம் என்று மறந்துவிட்டால்? அப்புறம் அந்தச் சாவியை எங்கே ஒளித்தேன் என்பது எனக்கே ஞாபகம் வரவில்லை. அதையும் கவலையின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் பத்திரிகை அலுவலகத்திலிருந்து கவிதா கூப்பிட்டாள். வாராவாரம் என் பத்தியை வாங்கித் திருத்திப் பக்கத்தில் வைக்கிற பெண்.

“அக்கா, பத்தி வந்துடுச்சு. ஆனா ஒரே பாரா மூணு தடவை வருதே... புது ஸ்டைலா?”

“என்ன உளர்ற? நான் ஒரு தடவைதான் எழுதினேன்.”

“இல்லக்கா. நடுவுல ‘வெங்காயம் வாங்கணும்’னு ஒரு வரி இருக்கு. அதையும் போடவா?”

போனை வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அவள் சொன்னது உண்மை. அந்தப் பத்தியை எழுதியது என் விரல்கள்தான். எழுதிய ஞாபகம் எனக்கு இல்லை.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. அப்படியென்றால் நோய் யாருக்கு? அவருக்கா, எனக்கா? இரண்டு பேருக்கும் ஒரே நேரத்திலா? மறதி என்ன, சளி மாதிரித் தொற்றிக்கொள்கிற வியாதியா?

மறுநாள் மத்தியானம். வெளியே நல்ல மழை. காலையில் கணப்பு மூட்டும்போது ஹாலில் கொஞ்சம் புகை சுற்றியது. ஈர விறகு என்றால் புகையும் என்று, வழக்கம்போல வாசல் கதவைத் திறந்து வைத்தோம். கட்டை எரிந்து தணலாகி, புகை அடங்கியதும் கதவைச் சாத்தினோம். புகைதானே கெடுதல்? அதுதான் போய்விட்டதே!

சாப்பிட்டு முடித்ததும் அவர், “தலை சுத்துது, சாந்தா” என்று எழுந்தார். சமையலறைப் பக்கம் நடந்தார். ஏதோ விழுந்த சத்தம்.

போய்ப் பார்த்தேன். தரையில் கிடந்தார்.

இதைத்தான் உங்களுக்கு நான் சரியாகச் சொல்ல வேண்டும். நான் அலறவில்லை. ஓடவில்லை. ஏதோ செய்ய வேண்டும் என்று தெரிந்தது. அது என்ன என்று தெரியவில்லை. போனை எடுத்தேன். எண்கள் எல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தன. யாரைக் கூப்பிட எடுத்தேன்? போனைக் கீழே வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தரை கதகதப்பாக இருந்தது. நாமும் கொஞ்ச நேரம் படுக்கலாமே என்று தோன்றியது... நிஜமாகவே தோன்றியது.

அப்போது வாசலில் லோரி ஹார்ன்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. தூங்கவிட மாட்டேன் என்கிறார்களே! விடாமல் அடித்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். மழைக்காற்று முகத்தில் அறைந்தது.

முனியாண்டி லோரியிலிருந்து தலையை நீட்டினார். “அண்ணி, இன்னொரு லோட் இருக்கு லா! ரொம்ப மலிவு! அண்ணன் எங்க?”

“தூங்குறாரு.”

“இந்நேரத்துக்கா? எழுப்புங்களேன்.”

“எந்திரிக்க மாட்டேங்கிறாரு. தரையில இருக்காரு.”

முனியாண்டி ஒரு கணம் என்னையே பார்த்தார். அடுத்த கணம் செருப்போடு வீட்டுக்குள் ஓடினார். என் கணவரின் அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்து, மழையிலேயே வாசலில் கிடத்தினார். “அண்ணே! அண்ணே! இங்க பாருங்க!” கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். நான் படியில் உட்கார்ந்து நனைந்துகொண்டிருந்தேன். குளிர் ஏற ஏற, என்ன நடக்கிறது என்று மெதுவாக உறைத்தது. அப்போதுதான் அலறினேன்.

அவர் கண்ணைத் திறந்தார். வாந்தி எடுத்தார். “ஏன்டா மழையில போட்டிருக்க?” என்று முனியாண்டியைக் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் முனியாண்டி அழுதுவிட்டார்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. லோரியின் முன்சீட்டில் எங்கள் இருவரையும் ஏற்றி, ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, பின்னால் விறகு தடதடக்க, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார் முனியாண்டி. விற்க வந்த லோடோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர். நான் மறதி நோயில் தொடங்கிச் சாவி வரைக்கும் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஆன்ட்டி, வீட்டுக்குள்ள என்ன எரிக்கிறீங்க?”

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, மணம் இல்லை. கண் எரியாது, இருமல் வராது. புகை அடங்கிய பிறகு, செக்கச்செவேல் என்று அழகாக இருக்கிறதே தணல், அதிலிருந்துதான் அதிகமாக வருமாம். வெளியே போக வழியில்லை என்றால் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். நம் ரத்தத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, குழப்பம், கோபம், தூக்கம்... அப்புறம் எழுந்திருக்காத தூக்கம்.

பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தோம். அவர் என் பக்கம் திரும்பி மாஸ்க்கைத் தூக்கினார்.

“சாந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உனக்கு மூளையில ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.”

“எனக்கா?”

“தண்ணி ஊத்தாமலே சோத்துப் பானைய அடுப்புல வெச்ச. ரெண்டு மூணு வாட்டி. நான்தான் நீ பார்க்காதப்ப ஊத்திடுவேன். கார் சாவிய அரிசி டின்னுக்குள்ள போட்டிருந்த. பார்த்தேன். எடுத்துக் காட்டினா நீ பயந்துடுவன்னு அங்கேயே விட்டுட்டேன். முனியாண்டிகிட்டகூட சொல்லி வெச்சேன், ‘அவ ஏதாச்சும் மாத்திப் பேசினா கண்டுக்காத’ன்னு.”

“நான் அந்தச் சாவிய ஒளிச்சதே உங்களுக்கு மறதின்னுதான்.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும். ஒரே ஹாலில், ஒரே விஷத்தைச் சுவாசித்துக்கொண்டு, அவருக்குத் தெரியக்கூடாது என்று நானும், எனக்குத் தெரியக்கூடாது என்று அவரும்... இத்தனை வாரங்களா? ஒரு தடவை வாய்விட்டு, “எனக்கும் தலை வலிக்குது, உனக்கும் வலிக்குதா?” என்று கேட்டிருந்தால் போதாதா? பாசம் என்று நாம் நினைத்துக்கொள்கிற சில விஷயங்கள் கதவைச் சாத்தி வைக்கிற வேலையைத்தான் செய்கின்றன.

நர்ஸ் வந்து, “மாஸ்க்கைப் போடுங்க, அப்புறம் பேசலாம்” என்று அதட்டினார். போட்டுக்கொண்டோம். அவர் கையை மட்டும் நீட்டினார்.

மறுநாள் முனியாண்டி போய் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார். விடாத மழையில் அடுக்கு சரிந்திருந்ததாம். பெரிய தூர் ஒன்று உருண்டு, விட்டிருந்த இடைவெளிக்குள் இறங்கி, குழாயின் வாயைக் கச்சிதமாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். முகம் முழுக்கக் கரியோடு. இந்தக் குளிரை நாங்கள் தாண்டுவோமா என்பதே சந்தேகமாக இருந்தபோது, அடுத்த குளிருக்கான விறகு பத்திரமாக இருந்திருக்கிறது!

முனியாண்டி சோறு தண்ணி இல்லாமல் புலம்பினார். “நான்தான் அண்ணி கொண்டாந்து கொட்டினேன்.” ஹார்ன் அடித்து எங்களைக் காப்பாற்றியதும் நீங்கள்தானே என்றேன். அந்த விறகு முழுவதையும் அவரே திரும்ப ஏற்றி, பொங்கலுக்காகக் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கினார். கூலி வாங்கவில்லை. இப்போது எங்கள் புகைக்குழாய் கூரைக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது. சுவரில் காற்றுப் போகப் புதிதாக ஒரு திறப்பு. மோனாக்சைடு வந்தால் கத்துகிற சின்னக் கருவி ஒன்றும் மாட்டியிருக்கிறோம்.

மேட்டில் குடியிருக்கிற வாசகர்களே, மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. வாங்கியதைச் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். தணல் இருக்கும்போது கதவைச் சாத்தாதீர்கள். தலை வலித்தால், பக்கத்தில் இருப்பவருக்கும் வலிக்கிறதா என்று கேளுங்கள்.

ஞாபகம் முழுதாகத் தெளியக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எது விஷத்தின் மிச்சம், எது வயசின் ஆரம்பம் என்று கேட்டேன். இப்போதைக்குப் பிரித்துச் சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார்.

நேற்று என் கணவர் என்னை அவருடைய தங்கச்சி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் பதறவில்லை. எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனேன்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது.